பாலியல் வன்முறையும் உள்ளத்தின் காயமும்

உடலில் உண்டாகும் காயத்தைக் கண்ணாற் காணலாம். அதன் நீளத்தையும் ஆழத்தையும் அளந்து ஏட்டில் பதியலாம். உள்ளத்தில் உண்டாகும் காயத்திற்கு அத்தகைய அளவுகோல் இல்லை. ஆயினும் அது பேச்சிலும் உறக்கத்திலும் நினைவிலும் நடத்தையிலும் தன் சுவடுகளைப் பதித்துச் செல்கிறது. அச்சுவடுகளைப் படிக்கத் தெரியாதார் அவற்றைப் பிறழ உணர்ந்து, துன்புற்றவரையே ஐயுறுவதும் உண்டு. பாலியல் வன்முறைக்கு ஆளானோர் வாழ்வில் இப்பிழை பன்முறை நேர்ந்துள்ளது. அதனைத் திருத்துதற்கு வேண்டிய அறிவைக் கடந்த ஐம்பதாண்டுக்கு மேலாக மருத்துவரும் உளநூலாரும் திரட்டி வந்துள்ளனர்.

இந்தியாவில் உளநூல் முதலில் வேரூன்றிய நகரம் கொல்கத்தா. கல்கத்தாப் பல்கலைக் கழகம் 1916ஆம் ஆண்டில் இத்துறைக்கெனத் தனிப் பிரிவு ஒன்றை நிறுவிற்று. 1922இல் டாக்டர் கிரீந்திரசேகர போஸ் என்பார் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை அந்நகரில் தோற்றுவித்தார். 1940இல் லும்பினி பார்க் மனநோய் மருத்துவமனை அங்கு எழுந்தது. உள்ளத்தின் இயல்பை ஆராய்வதில் இத்துணை நெடிய வரலாறு உடைய அந்நகரிலேதான், 2012ஆம் ஆண்டில், துன்புற்ற ஒரு பெண்ணின் உள்ளநிலையை நாடே பிறழ உணர்ந்த நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது.

பார்க் தெரு வழக்கு

2012 பிப்ரவரி மாதத்தில் ஓரிரவு, கொல்கத்தாவின் பார்க் தெருவிலிருந்து வீடு திரும்பக் காரில் ஏறிய பெண் ஒருவர், ஓடும் அக்காரிலேயே பலரால் வன்கொடுமைக்கு உள்ளானார். சில நாட்கள் கழித்தே அவர் காவல் நிலையத்தை அடைந்தார். உடனே ஏன் வரவில்லை, இரவு நேரத்தில் அவர் அங்குச் சென்றது ஏன் என்னும் வினாக்களே முதலில் எழுந்தன. மாநில ஆட்சிப் பொறுப்பில் இருந்தோர் சிலர், இஃது அரசுக்கு இழுக்குத் தேடப் புனையப்பட்ட செய்தி என்று வெளிப்படையாகவே கூறினர். காவல்துறையின் குற்றப் புலனாய்வு நிகழ்ச்சி மெய்யே என்று நிலைநாட்டிய பின்னரும் பழிச்சொல் ஓயவில்லை.

துன்புற்றவரின் பெயரை வெளியிடலாகாது என்பது சட்டம். ஆதலின் செய்தித்தாள்களில் அவர் 'பார்க் தெருப் பெண்' என்றே குறிக்கப்பட்டு வந்தார். 2013 ஜூன் மாதத்தில் அவர் தாமே முன்வந்து, தம் பெயர் சுசெட் ஜோர்டன் என அறிவித்தார். குற்றம் செய்யாத தாம் முகத்தை மறைத்து வாழ வேண்டியதில்லை என்பது அவர் கொண்ட நிலை. பின்னர் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் தொலைபேசித் தொண்டு ஒன்றில் ஆலோசகராகப் பணியாற்றினார். 2015 மார்ச் 13ஆம் நாள் மூளைக் காய்ச்சலால் தமது நாற்பதாம் வயதில் காலமானார். அவ்வாண்டு டிசம்பரில் கொல்கத்தா நீதிமன்றம் மூவரைக் குற்றவாளிகள் என முடிவு செய்து, பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அத்தீர்ப்பைக் கேட்க அவர் உயிருடன் இல்லை.

அவரை நோக்கி எழுப்பப்பட்ட வினாக்கள் புதியன அல்ல. "ஏன் கூவவில்லை? ஏன் எதிர்த்துப் போராடவில்லை? ஏன் உடனே சொல்லவில்லை? ஏன் முன்னுக்குப் பின் முரணாகக் கூறுகிறாள்? ஏன் அழாமல் இருக்கிறாள்?" என்பனவே எங்கும் கேட்கப்படுபவை. இவ்வைந்து வினாக்களுக்கும் விஞ்ஞானம் விடை கூறுகிறது.

அச்சத்தின் உடற்கூறு

மூளையின் உட்புறத்தே வாதுமைப் பருப்பின் வடிவில் அமைந்த 'அமிக்டலா' என்னும் பகுதி இடரை உணரும் காவலாளியை ஒத்தது. உயிருக்கு ஊறு நேரும் என்று அது உணர்ந்த கணமே அட்ரினலின் முதலிய சுரப்பு நீர்கள் குருதியிற் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு மிகுகிறது, தசைகள் இறுகுகின்றன. போராடுதல் அல்லது ஓடித் தப்புதல் ஆகிய இரண்டிற்கும் உடல் இவ்வாறு ஆயத்தமாகிறது. இவ்விரண்டும் இயலாத இடத்தில் மூன்றாவது நிலை ஒன்று தோன்றும். அதுவே உறைநிலை. அப்போது கைகால்கள் அசையா, நாவெழாது, அறிவு விழித்திருப்பினும் உடல் அதன் ஏவலுக்கு இணங்காது.

இவ்வியல்பு விலங்குகளிடத்தும் காணப்படுவதே. கோழியைத் தரையில் அழுத்திச் சற்று நேரம் பிடித்திருந்து கையை எடுத்தால், அது எழுந்தோடாமல் அசைவற்றுக் கிடப்பதைக் காணலாம். 1646ஆம் ஆண்டிலேயே கிர்ச்சர் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதனை நூலில் விவரித்துள்ளார். கோழி தன் விருப்பத்தால் அங்ஙனம் கிடக்கவில்லை என்பது தெளிவு. மனிதரிடத்துத் தோன்றும் உறைநிலையும் விருப்பத்தின்பாற்பட்டதன்று.

ஸ்வீடன் நாட்டுத் தலைநகர் ஸ்டாக்ஹோமில், வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்கென அமைந்த மருத்துவ நிலையத்திற்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியாயிற்று. அவர்களுள் நூற்றுக்கு 70 பேர் வன்முறையின்போது குறிப்பிடத்தக்க அளவில் உறைநிலையை அடைந்திருந்தனர். 48 பேரிடம் அது மிகக் கடுமையாக இருந்தது. உறைநிலை எய்தியோர்க்கு ஆறு திங்கள் கழித்து மனநோய் தோன்றும் வாய்ப்பு ஏனையோரை விட இரு மடங்கினும் மிகுதி என்பதும் அவ்வாய்வில் தெரிந்தது. கூவாமையும் போராடாமையும் இசைவின் அறிகுறிகள் அல்ல. பெரும்பாலும் அவை பேரச்சத்தின் அறிகுறிகளே.

நினைவு சிதறுதல்

நாள்தோறும் நேரும் நிகழ்ச்சிகளை இடமும் காலமும் முறையும் பிறழாது தொடுத்து வைப்பது மூளையின் 'ஹிப்போகாம்பஸ்' என்னும் பகுதி. பேரச்சத்தின்போது பெருகும் சுரப்பு நீர்கள் இத்தொடுப்பு வேலையைக் குலைக்கின்றன. சிந்தித்து ஆராய்தற்கு உரிய முன்மூளையின் செயலும் தளர்கிறது. அதே வேளையில் அச்சத்தைத் தூண்டிய சிற்சில கூறுகள் மட்டும் ஆழப் பதிகின்றன. நூல் அறுந்து சிதறிய மணிகளை ஒத்து நினைவுகள் கிடக்கின்றன. மணிகள் உள, அவற்றைக் கோத்த முறை இல்லை.

ஆகவே துன்புற்றவர் ஒரு குரலையும் ஒரு மணத்தையும் சட்டையின் ஒரு பொத்தானையும் துல்லியமாக நினைவு கூர்வார். எது முன், எது பின் என்று கேட்டால் தடுமாறுவார். சிலர் அந்நேரத்தில் தம் உடலை விட்டு விலகி நின்று, வேறு யாருக்கோ நேர்வதைப் பார்ப்பதுபோல் உணர்ந்ததாகக் கூறுவர். தாங்கொணாத நோவிலிருந்து உள்ளம் தன்னைப் பிரித்துக் கொள்ளும் முறை அது. ஓரிரு நாள் உறங்கி எழுந்த பின் மறந்தவை சில மீண்டும் நினைவுக்கு வருதலும் உண்டு. முதல் நாள் கூறாததை மூன்றாம் நாள் கூறினார் என்ற ஒன்றையே கொண்டு அவர் பொய்யுரைத்தார் என முடிவு கட்டுதல் விஞ்ஞான நெறியன்று.

முதல் வாரங்கள்

இத்துறையில் முறையான ஆராய்ச்சிக்கு அடிகோலியவர்கள் அமெரிக்க நாட்டைச் சேர்ந்த செவிலியர் கல்விப் பேராசிரியர் ஆன் பர்ஜெஸ், சமூகவியலார் லிண்டா ஹோம்ஸ்ட்ராம் ஆகிய இரு பெண்மணிகள். 1972ஆம் ஆண்டு முதல் அவர்கள் பாஸ்டன் நகர மருத்துவமனைக்கு வரும் பெண்களை இரவு பகல் பாராது நேரிற் சென்று கண்டனர். 92 பெண்களைப் பற்றிய முடிபுகளை 1974இல் வெளியிட்டனர். வன்முறைக்குப்பின் முதற்கண் உடலும் உள்ளமும் நிலைகுலையும் கட்டமும், அடுத்து வாழ்வை மீள ஒழுங்குபடுத்திக் கொள்ளும் நெடிய கட்டமும் உண்டு என அவர்கள் வகுத்தனர்.

அவர்கள் கண்டவற்றுள் ஒன்று சிறப்பாகக் கருதத்தக்கது. மருத்துவமனைக்கு வந்த பெண்களுள் ஏறத்தாழச் சரிபாதியினர் அழுது நடுங்கித் தம் துயரை வெளிப்படுத்தினர். எஞ்சிய பாதியினரோ அமைதியாகவும் உணர்ச்சியற்றும் காணப்பட்டனர். சிலர் இடையிடையே புன்னகையும் செய்தனர். இருவகையினரும் ஒரே கொடுமைக்கு ஆளானவர்களே. கண்ணீரின் அளவைக் கொண்டு மெய்ம்மையை அளக்கலாகாது என்பது அப்போதே தெளிவாயிற்று.

வன்கொடுமைக்கு ஆளான 95 பெண்களை வாரந்தோறும் கண்டு செய்த ஓர் அமெரிக்க ஆய்வு 1992இல் வெளியாயிற்று. நிகழ்ச்சிக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு நாட்களுக்குப் பின் நூற்றுக்கு 94 பேரிடம் மன அதிர்ச்சியின் அறிகுறிகள் முழுமையாகக் காணப்பட்டன. மூன்று மாதங்கள் சென்ற பின் இவ்வெண் 47 ஆயிற்று. இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். தொடக்கத்தில் நேரும் குலைவு ஏறக்குறைய எல்லார்க்கும் உரியது. அதனைப் பித்து என்றோ மனவலிமைக் குறை என்றோ கருதலாகாது. மற்றொன்று, பாதிப் பேர் காலத்தினாலும் ஆதரவினாலும் தேறுவர். மறுபாதியினர்க்குச் சிகிச்சை வேண்டும்.

நீடிக்கும் விளைவுகள்

அறிகுறிகள் ஒரு மாதத்திற்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைக்குமாயின், மருத்துவர் அதனை 'அதிர்ச்சிக்குப் பிந்திய மன உளைச்சல் நோய்' என்பர். போரிலிருந்து மீண்ட வீரர்களிடமும் காணப்படும் இந்நோய் 1980ஆம் ஆண்டில் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இடம் பெற்றது. இதன் அறிகுறிகளை நால்வகைப்படுத்தலாம்.

முதலாவது, அழையாமலே நினைவு புகுதல். காரின் கதவு சாத்தப்படும் ஓசை, ஒரு வகை வாசனைத் தைலத்தின் மணம் போன்ற சிறு தூண்டுதலும் அந்நிகழ்ச்சியை இப்போது நிகழ்வதுபோல் கண்முன் நிறுத்தும். இரவிற் கொடுங்கனவுகள் வரும். இரண்டாவது, விலகி ஓடுதல். அத்தெருவையும் அவ்வகை ஊர்தியையும் அப்பேச்சையும் தவிர்க்கத் தொடங்கி, நாளடைவில் வீட்டு வாயிலைக் கடப்பதையே தவிர்க்கும் நிலை வரலாம். மூன்றாவது, எண்ணமும் உணர்ச்சியும் திரிதல். 'என் மீதே குற்றம்', 'உலகில் எவரையும் நம்பலாகாது' என்னும் எண்ணங்கள் வேரூன்றும். அன்பும் மகிழ்ச்சியும் மரத்துப் போகும். நான்காவது, ஓயா விழிப்பு. சிறு ஓசைக்கும் உடல் திடுக்கிடும்; உறக்கம் கெடும்; சினம் எளிதில் மூளும்.

இவற்றோடு மனச்சோர்வும் இணைந்து வருவது பெரும்பான்மை. தலைவலி, வயிற்றுவலி, இடுப்புவலி முதலிய உடல் நோவுகள் ஆண்டுக்கணக்கில் தொடர்தலும் உண்டு. சிலர்க்குத் தம்முயிரை மாய்த்துக் கொள்ளும் எண்ணம் தோன்றும். அவ்வெண்ணத்தைக் கேட்டறிதலால் அது வளராது, மாறாக உதவி விரைந்து கிட்டும். குழந்தைகளும் ஆடவரும் இக்கொடுமைக்கு ஆளாவதுண்டு. அவர்தம் உள்ளத்து விளைவுகளும் பெரும்பாலும் இவையே. குழந்தைகளிடம் அது படிப்பில் பின்னடைவாகவும் படுக்கை நனைத்தலாகவும் வெளிப்படலாம்.

இரண்டாம் காயம்

துன்புற்றவர் முதன்முதலில் வாய் திறக்கும்போது கேட்பவர் காட்டும் குறிப்பே நோயின் போக்கைப் பெரிதும் மாற்ற வல்லது என்பது பல ஆய்வுகளின் ஒருமித்த முடிபு. நம்பாமையும் பழித்தலும் அறிகுறிகளைக் கடுமையாக்கும். நம்பிக்கையும் பரிவும் தணிக்கும். இந்நம்பாமையையே அறிஞர் இரண்டாம் காயம் என்பர். முதற் காயத்தைச் செய்தவர் குற்றவாளி. இரண்டாம் காயத்தைச் செய்பவரோ உறவினர், அண்டை வீட்டார், அலுவலர், செய்தியாளர் என யாராகவும் இருக்கலாம்.

வங்கத்தின் அண்மை வரலாறு இதற்குச் சான்று தருகிறது. 1971ஆம் ஆண்டுப் போரில் கிழக்கு வங்கத்துப் பெண்கள் பெருந்தொகையினர் வன்கொடுமைக்கு ஆளாயினர். புதிதாகத் தோன்றிய வங்கதேச அரசு அவர்களை 'வீராங்கனைகள்' எனப் பெயரிட்டுப் பெருமைப்படுத்த முனைந்தது. நோக்கம் உயர்ந்ததே. ஆயின் ஊரார் உள்ளம் மாறாமையால் அப்பெயரே பலருக்கு வடுவாயிற்று. நாற்பதாண்டுகளுக்குப் பின், 2015இல், அவர்களுட் சிலர் விடுதலைப் போராளிகள் என்னும் அரசின் ஏற்பைப் பெற்றனர். பட்டம் மட்டும் காயத்தை ஆற்றாது. சூழ்ந்திருப்போர் மனநிலையும் மாற வேண்டும்.

சொல்லும் காயப்படுத்தும். இக்குற்றத்திற்குத் தமிழில் நெடுங்காலம் வழங்கிய 'கற்பழிப்பு' என்னும் சொல், இழப்பையும் இழுக்கையும் துன்புற்றவர் மீதே ஏற்றுவது. 'வன்புணர்ச்சி' என்னும் சொல்லோ செய்தவனின் வன்செயலைச் சுட்டுவது. களவு போன வீட்டுக்காரரைக் களங்கமுற்றார் என்று எவரும் கூறுவதில்லை என்பது இங்கு எண்ணத்தக்கது.

சட்டமும் உளநூலும்

மகாராஷ்டிரத்தில் 1972ஆம் ஆண்டு காவல் நிலையம் ஒன்றில் பழங்குடிப் பெண் ஒருவருக்கு நேர்ந்த கொடுமை பற்றிய வழக்கில், உடலிற் காயம் இல்லாமையும் எதிர்ப்பின் அடையாளம் இல்லாமையும் காட்டிக் காவலர் இருவர் விடுவிக்கப்பட்டனர். இத்தீர்ப்பைக் கண்டித்து 1979இல் சட்டப் பேராசிரியர் நால்வர் உச்ச நீதிமன்றத்திற்குப் பகிரங்கக் கடிதம் எழுதினர். அதன்பின் எழுந்த கிளர்ச்சியின் பயனாக 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. புகார் அளிப்பதில் நேரும் காலத்தாழ்வு ஒன்றையே காரணமாக்கி வழக்கை ஐயுறலாகாது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் விளக்கிற்று. உடலால் எதிர்க்கவில்லை என்பதனாலேயே இசைந்ததாகக் கொள்ளலாகாது என 2013ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வெளிப்படையாகவே கூறியது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அதனையே பின்பற்றுகிறது. 'இரு விரற் சோதனை' எனப்படும் முறைக்கு விஞ்ஞான அடிப்படை இல்லை என்றும், அது துன்புற்றவரை மீண்டும் துன்புறுத்துவதே என்றும் 2022இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்திற்று. ஆய்வுக்கூடத்தில் கண்ட உண்மைகளை நீதிமன்றங்கள் இங்ஙனம் படிப்படியாக ஏற்று வருகின்றன.

சிகிச்சை முறைகள்

மருத்துவ உதவியில் காலம் இன்றியமையாதது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்க வேண்டும். கருத்தரிப்பைத் தடுக்கும் மாத்திரையை இயன்ற அளவு விரைவாகவும், ஐந்து நாட்களுக்குள்ளும் உட்கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் உடனடியாகவும் கட்டணமின்றியும் சிகிச்சை அளிக்கக் கடமைப்பட்டவை.

உள்ளத்தின் சிகிச்சைக்கு இரு முறைகள் நன்கு சோதிக்கப்பட்டுள்ளன. எட்னா ஃபோவா என்னும் அறிஞர் வகுத்த முறையில், நோயாளி பாதுகாப்பான இடத்தில், பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் துணையுடன், தவிர்த்து வந்த நினைவைச் சிறிது சிறிதாக எதிர்கொள்கிறார். அச்சம் எழுந்து தானே அடங்குவதைப் பன்முறை கண்டபின், நினைவு வேறு, நிகழ்ச்சி வேறு என்பதை மூளை கற்கிறது. பேட்ரிஷியா ரெசிக் என்பார் வகுத்த மற்றொரு முறையில், 'என் மீதே குற்றம்' போன்ற எண்ணங்கள் ஏறத்தாழப் பன்னிரண்டு அமர்வுகளில் ஆராய்ந்து திருத்தப்படுகின்றன. மருந்துகளும் சிலருக்கு வேண்டப்படும். நிகழ்ச்சி நேர்ந்த உடனே அதனை முழுவதும் விவரிக்குமாறு வற்புறுத்தல் நன்மை தராது என்பதும் கண்டறியப்பட்டுள்ளது.

இத்தகைய சிகிச்சை செல்வ நாடுகளுக்கே உரியதோ என்னும் ஐயத்திற்கு ஆப்பிரிக்காவில் விடை கிடைத்தது. போரினால் அலைப்புண்ட காங்கோ நாட்டின் சிற்றூர்களில், மருத்துவர் அல்லாத உள்ளூர்ப் பெண்கள் பயிற்சி பெற்று, ரெசிக்கின் முறையைக் குழுக்களாக நடத்தினர். 405 பெண்கள் பங்குகொண்ட இவ்வாய்வு 2013இல் வெளியாயிற்று. குழுச் சிகிச்சை பெற்றோரின் நோய்க்குறிகள், தனித்தனியே ஆதரவு மட்டும் பெற்றோரை விடப் பெரிதும் குறைந்திருந்தன.

கொல்கத்தாவில் ஒரு முயற்சி

சொல்லால் உரைக்க இயலாததை உடல் அறிந்திருக்கும். இக்கருத்தைத் துணையாகக் கொண்டு, சமூகவியல் கற்ற நடனக் கலைஞர் சோகினி சக்ரவர்த்தி 2004ஆம் ஆண்டில் 'கொல்கத்தா சன்வேத்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். விற்கப்பட்டு மீட்கப்பட்ட சிறுமியரும் பெண்களும் நடன அசைவுகளின் வாயிலாகத் தம் உடலோடு மீண்டும் நட்புக் கொள்ள அங்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது. வன்முறை, உடலைப் பிறர் ஆளும் பொருளாக்கிவிடுகிறது. கையை எப்போது உயர்த்துவது, எங்கு நிற்பது, யாரை அணுகவிடுவது என்பனவற்றைத் தாமே முடிவு செய்யும்போது அவ்வாட்சி மீண்டும் அவர் வசமாகிறது. பயிற்சி பெற்றோருட் சிலர் பின்னர்த் தாமே பயிற்றுநர் ஆயினர் என்பது இம்முயற்சியின் சிறப்பு.

அமெரிக்க மனநோய் மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதிய நூலில், மீட்சியை மூன்று படிகளாக வகுத்தார். பாதுகாப்பை அடைதல் முதற்படி; நேர்ந்ததை நினைந்து துயரத்தை ஆற்றிக் கொள்ளுதல் இரண்டாம் படி; மக்களோடு மீண்டும் இணைதல் மூன்றாம் படி. பிறர்க்கு ஆலோசகராகப் பணியாற்றிய சுசெட் ஜோர்டனும், பயிற்றுநராகிய அப்பெண்களும் மூன்றாம் படியில் கால் வைத்தவர்கள் எனலாம்.

அருகிலிருப்போர் கடமை

உலகச் சுகாதார நிறுவனம் இதற்கென வகுத்த முதலுதவி நெறி ஐந்து கூறுகளை உடையது. இடைமறியாது கேட்டல், உடனடித் தேவை யாதென வினவுதல், நம்புவதாகவும் குற்றம் அவருடையதன்று எனவும் வாய்விட்டுக் கூறுதல், மேலும் தீங்கு நேராவண்ணம் பாதுகாப்புச் செய்தல், தக்க உதவிகளோடு இணைத்தல் என்பன அவை. இவற்றுள் எதற்கும் மருத்துவப் பட்டம் வேண்டா. தாயும் தமக்கையும் தோழியும் ஆசிரியரும் செய்யத்தக்கனவே. புகார் அளிப்பதா, எப்போது, யாருடன் செல்வது என்பவற்றில் முடிவு அவருடையதாக இருத்தல் வேண்டும். வன்முறை பறித்துக் கொண்ட உரிமையை உறவினர் அன்பின் பெயரால் மீண்டும் பறித்தலாகாது.

பெண்களுக்கு உதவ 181 என்னும் தொலைபேசி எண் உள்ளது. 2015 முதல் 'சகி' என்னும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் மாவட்டந்தோறும் அமைக்கப்பட்டு வந்துள்ளன. 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையில் 14416 என்னும் எண்ணில் மன நல ஆலோசனையைத் தமிழிலும் பெறலாம்.

உள்ளத்தின் காயம் ஆறும் தன்மையது. அதற்கு வேண்டிய மருந்துகளுள் முதலாவது, மருந்துக் கடையில் கிடைப்பதன்று. கேட்பவரது நம்பிக்கையே அது. 'ஏன் சொல்லவில்லை' என்று வினவும் சமூகம், சொன்னவர்களை எங்ஙனம் நடத்தியது என்பதை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.